விமர்சகர் பாராட்டு, வாங்கியவர் வசவு: ஒரே கேமுக்கு இரண்டு தீர்ப்பு வருவது எப்படி?

கேப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' 2025 பிப்ரவரி 28 அன்று வெளியானது. விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 90ஐ நெருங்கியது. மூன்றே நாளில் 80 லட்சம் பிரதிகள் விற்றன. ஒரு மாதத்தில் 1 கோடியைத் தாண்டியது. பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மட்டும் ஒரு கட்டத்தில் 13 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே ஸ்டீமில், வாங்கியவர்களின் தீர்ப்பு முதல் நாளே 'கலவை' என்றுதான் இருந்தது. ஜூன் மாதத்துக்குள் அண்மைக்கால ரிவியூக்கள் இருப்பதிலேயே மோசமான தரநிலைக்கு இறங்கின. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் விற்ற பிரதிகள் 4,77,000 மட்டுமே.

இதைப் பார்த்ததும் இரண்டு விளக்கங்கள் கிளம்பும். விமர்சகர்கள் விலைபோய்விட்டார்கள் என்பது ஒன்று. ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் கத்துகிறவர்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான விளக்கங்கள். இரு தரப்பும் விடை சொல்லும் கேள்விகள் வேறு, ஆடிய கருவிகள் வேறு, பல நேரங்களில் ஆடிய கேமே வேறு.

முதலில், அந்த எண்கள் என்ன?

மெட்டாக்ரிட்டிக் 2001 முதல் இயங்கும் தளம். பல பத்திரிகைகளின் மதிப்பெண்களை 100க்கு மாற்றிச் சராசரி எடுக்கிறது. எல்லாப் பத்திரிகைக்கும் சம எடை கிடையாது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை அது வெளியிடுவதும் இல்லை. கேம்களுக்கு 75 முதல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. 2015இல் வந்த ஓப்பன்கிரிட்டிக் எடை போடாமல் நேர்ச் சராசரி எடுக்கிறது. அதனால் ஒரே கேமுக்கு இரண்டு தளங்களிலும் ஓரிரு புள்ளி வேறுபாடு சாதாரணம்.

அந்த ஓரிரு புள்ளியில் பணம் இருக்கிறது. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமுக்கு 85 கிடைத்திருந்தால் அதை உருவாக்கிய ஆப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை. கிடைத்தது 84. ஊக்கத்தொகை இல்லை.

ஸ்டீமின் கணக்கு அடிப்படையிலேயே வேறு. அங்கே மதிப்பெண் கிடையாது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே கட்டைவிரல்கள்தான். திரையில் தெரியும் சதவீதம், பரிந்துரைத்தவர்களின் பங்கு. 70 முதல் 79 வரை 'பெரும்பாலும் நேர்மறை', அதற்கு மேல் இன்னும் உயர்ந்த தரநிலைகள், 40 முதல் 69 வரை 'கலவை', 20 முதல் 39 வரை 'பெரும்பாலும் எதிர்மறை'. 20க்குக் கீழே போய் 500 ரிவியூவும் தாண்டினால் கடைசித் தரநிலை. அண்மையில் வந்த ரிவியூக்களுக்குத் தனிக் கணக்கு உண்டு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. நூறு பேர் ஆடுகிறார்கள். நூறு பேருக்கும் 'பரவாயில்லை, பத்துக்கு ஆறு' என்று தோன்றுகிறது. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். ஸ்டீமில் 100 சதவீதம், விமர்சகர் கணக்கில் 60. இப்போது இன்னொரு கேம். அறுபது பேருக்குப் பத்துக்குப் பத்து என்று தோன்றுகிறது. மீதி நாற்பது பேரின் கணினியில் அது திறப்பதே இல்லை. ஸ்டீமில் 60 சதவீதம், அதாவது 'கலவை'. அந்த நாற்பது பேரில் ஒருவராக இல்லாத விமர்சகர் 95 கொடுப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஸ்டீமின் சதவீதம் 'எவ்வளவு நல்ல கேம்' என்பதை அளப்பதில்லை. 'எத்தனை பேருக்கு ஏமாற்றமில்லை' என்பதையே அளக்கிறது.

விமர்சகர் ஆடியது எந்தப் பதிப்பு?

பெரிய கேம் ஒன்றின் விமர்சனம் பொதுவாக இந்த வழியில் வருகிறது:

1. வெளியீட்டுக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் முன்பு, பதிப்பாளர் விமர்சகர்களுக்கு இலவச கோடு (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்) அனுப்புகிறார். எந்தக் கருவிக்கான கோடு என்பதைப் பெரும்பாலும் பதிப்பாளரே முடிவு செய்கிறார்.
2. அதோடு தடைநேர ஒப்பந்தமும் வருகிறது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு முன் எதுவும் வெளியிடக் கூடாது. சில காட்சிகளைக் காட்டக் கூடாது.
3. விமர்சகர் ஆடுவது வெளியீட்டு நாள் பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) வருவதற்கு முந்தைய பதிப்பு. 'இந்தக் குறையெல்லாம் பேட்சில் சரியாகிவிடும்' என்ற குறிப்பும் கூடவே வரும். பாதி நேரம் சரியாகும்.
4. ஆன்லைன் சர்வர்கள் காலியாக இருக்கும். கேமுக்குள்ளேயே நிஜக் காசுக்குப் பொருள் விற்கும் உள்கடை மூடியிருக்கலாம்.

இதில் முதல் படி எவ்வளவு தூரம் வளைக்கப்படலாம் என்பதற்குப் பாடமாக நிற்பது 2020 டிசம்பர் 10 அன்று வந்த 'சைபர்பங்க் 2077'. முன்கூட்டி அனுப்பப்பட்டவை பிசி பதிப்பின் கோடுகள் மட்டுமே. விமர்சன வீடியோக்களில் சொந்தப் பதிவைக் காட்டவும் அனுமதியில்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படி ஓடுகிறது என்பது வாங்கியவர்கள் வீட்டில்தான் தெரிந்தது. மெட்டாக்ரிட்டிக்கில் பிசி பதிப்பு 86இல் நின்றது. பிளேஸ்டேஷன் 4 பதிப்பு 57. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்சுக்குப் பிறகு ஆடுகிறவர் ஆடுவது ஏறக்குறைய வேறு கேம். பழைய 86உம் 57உம் அவருக்கு எதையும் சொல்லாது.

நான்காவது படியில் சிக்கியது 2024 மார்ச் 22 அன்று வந்த 'டிராகன்ஸ் டாக்மா 2'. விமர்சனங்கள் பாராட்டின, வெளியான அன்று ஸ்டீம் பக்கத்தில் காசு கொடுத்து வாங்கும் சின்னச் சின்னப் பொருட்களின் நீண்ட பட்டியல் முளைத்தது. விமர்சகர்கள் ஆடிய நாட்களில் அது கண்ணில் பட்டிருக்கவில்லை. கோபம் நியாயமானது, ஆனால் அதில் பாதி தவறான தகவலால் வந்தது. 'வேகப் பயணத்துக்குக் காசு கேட்கிறார்கள்' என்று பரவியது. உண்மையில் அந்தப் பொருட்கள் கேமுக்குள்ளேயே ஆடிப் பெறக்கூடியவை. அந்தக் கேமில் நிஜமான குறை வேறிடத்தில் இருந்தது. அது அடுத்த பகுதிக்கு உரியது.

மில்லிசெகண்டில் நடக்கும் தகராறு

'லேக் அடிக்குது' என்ற ஒரே சொல்லில் வாங்கியவர்கள் அடக்குவது குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகளை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இந்தச் சில ஆண்டுகளின் பிசி விமர்சனங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

அடிப்படை இது. திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். 30 போதுமென்றால் 33.3 மில்லிசெகண்ட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இரண்டுமே அந்தக் கெடுவுக்குள் தங்கள் வேலையை முடிக்க வேண்டும். ஒன்று தாமதித்தால் இன்னொன்று சும்மா நிற்கும்.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கை இந்தத் தாமதத்தை மறைத்துவிடும். பத்து நொடியில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் நொடி, படம் உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பது நொடியில் 540 ஃபிரேம். சராசரி 54! காகிதத்தில் அருமை, கையில் ஆட முடியாத கேம். அதனால்தான் தொழில்நுட்ப விமர்சகர்கள் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தைத் தனியாகக் காட்டுகிறார்கள்.

இனிக் கோளாறுகள்.

1. ஷேடர் திக்கல். ஒளி, நிழல், புகை போன்றவற்றைத் திரையில் வரையும் சிறு நிரல் ஷேடர். பிளேஸ்டேஷனில் எல்லாப் பெட்டியிலும் ஒரே சிப். எனவே ஷேடர்களை நிறுவனமே தயார் செய்து கொடுத்துவிடுகிறது. பிசியில் ஆயிரம் விதமான கார்டு, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சேர்க்கைகள். அந்தந்தக் கணினியில்தான் கடைசிக் கட்டத் தொகுப்பு, அதாவது ஷேடரை அந்தக் கார்டுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுவது, நடக்க வேண்டும். முன்கூட்டியே செய்யாவிட்டால், ஒரு குண்டு முதன்முறை வெடிக்கும் கணத்தில் தொகுப்பு தொடங்கும். அது 100 மில்லிசெகண்ட் எடுத்தால் ஆறு ஃபிரேம் காணாமல் போகும். இரண்டாம் முறை வெடிக்கும்போது எதுவும் நடக்காது. டிரைவரைப் புதுப்பித்தால் தொகுத்து வைத்ததெல்லாம் செல்லாது, திரும்பவும் முதலிலிருந்து. வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் இந்தத் திக்கல் குறைவாக இருப்பதற்கும் இதே தர்க்கம்தான்: எல்லோரிடமும் ஒரே சிப் என்பதால் தொகுத்த ஷேடர்களை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே டவுன்லோடாக அனுப்பிவிடுகிறது.

2. நடைத் திக்கல். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு ஓடும்போது புதிய நிலப்பரப்பை ஏற்றும் வேலை பிராசசரை அடைக்கிறது. இது ஒவ்வொரு முறையும் வரும். ஷேடர்களை முன்பே தொகுத்தாலும் போகாது, விலையுயர்ந்த கார்டு போட்டாலும் போகாது. 2023 ஏப்ரலில் வந்த 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்' பிசி பதிப்பு அன்றைய உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090இலும் திக்கியது.

3. பிராசசர் வரம்பு. 'டிராகன்ஸ் டாக்மா 2'இன் வெர்ன்வொர்த் நகரில் ஃபிரேம் வேகம் சரிந்ததற்குக் காரணம், நகரத்து மனிதர் ஒவ்வொருவரின் நடமாட்டத்தையும் பிராசசர் தனித்தனியாகக் கணக்கிட்டதே என்று கேப்காமே விளக்கியது. (நகரவாசிகளைக் கொன்றால் வேகம் கூடுகிறது என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துச் செய்தும் காட்டினார்கள்.) உங்கள் கணினியில் இந்த வரம்புதானா என்று அறிவது எளிது. ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 1440இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கூடவில்லையென்றால் தடை பிராசசரில். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண்செலவு.

4. விராம் போதாமை. விராம் என்பது கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். கார்டிலுள்ள 8 ஜிபி நிறைந்துவிட்டால், மிச்சம் கணினியின் பொது ராமுக்குப் போகும். அந்த வழி மெதுவானது. விளைவு, டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) மங்கலாக நிற்கும், அல்லது திரும்பும்போதெல்லாம் படம் இழுக்கும். இங்கே குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரம். ரெசல்யூஷனைக் குறைத்தால் கிடைக்கும் லாபம் சிறிது.

இப்போது 'வைல்ட்ஸ்' கேமுக்குத் திரும்பலாம். அதன் அதிகாரபூர்வப் பரிந்துரைப் பட்டியலிலேயே, 1080 ரெசல்யூஷனில் 60 ஃபிரேம் என்பது 'ஃபிரேம் ஜெனரேஷனை இயக்கினால்' என்ற நிபந்தனையோடு இருந்தது. ஃபிரேம் ஜெனரேஷன் என்பது நிஜமான இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாக வரைந்து நுழைப்பது. நடுவில் நுழைக்க வேண்டுமென்றால் அடுத்த நிஜ ஃபிரேம் தயாரான பின்னும் அதைக் காட்டாமல் பிடித்து வைக்க வேண்டும். அதாவது படம் வழவழப்பாகும். கை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் கூடும். அடிப்படை வேகம் 60 இருந்தால் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டு செய்யும் ஏஎம்டியே தன் ஃபிரேம் ஜெனரேஷனுக்கு 60 ஃபிரேம் அடிப்படை வேண்டும் என்கிறது. 'வைல்ட்ஸ்' பட்டியலோ 30ஐ ஒட்டிய அடிப்படையை 60 என்று காட்டச் சொன்னது. சரியான கணத்தில் கேடயத்தைத் தூக்குவதும் உருண்டு தப்புவதுமே ஆட்டமாக இருக்கும் கேமில் இது சின்ன விஷயமல்ல.

முந்தைய ஆண்டே வந்த பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) டெக்ஸ்சர் ஏறாமல் காகிதம் மடித்த பொம்மைகள் போல நின்ற பாத்திரங்களின் படங்கள் எங்கும் சுற்றின. ஆக, எச்சரிக்கை இல்லாமலில்லை. பல விமர்சனங்கள் செயல்திறனைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு மதிப்பெண்ணைத் தொடாமல் விட்டன. வாங்குகிறவர்களில் பெருங்கூட்டம் 1080 திரையும் நடுத்தரக் கார்டும் வைத்திருப்பது ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பிலேயே தெரிவது. இந்த ஒரு விஷயத்தில் வாங்கியவர்கள் பக்கமே நியாயம்.

வகை மாறினால் அளவுகோலும் மாறும்

நூறு மணி நேர ஆர்பிஜியை (ஒரு பாத்திரத்தை ஏற்று நீண்ட கதையில் ஆடும் கேமை) சில நாளில் யாரும் முடிக்க முடியாது. 'பால்டர்ஸ் கேட் 3'க்கு 2023 ஆகஸ்டில் பல பத்திரிகைகள் முதலில் 'நடப்பு விமர்சனம்' என்றே எழுதின. மதிப்பெண் பின்னால் வந்தது. அது நேர்மையான வழி. மூன்றாம் அங்கத்து நகரில்தான் வேகம் குறைகிறது, பிழைகள் கூடுகின்றன என்பது முதல் வார விமர்சனங்களில் பரவலாக வர வாய்ப்பே இல்லை.

நகர நிர்மாண கேம்களின் நோய் வேறு: ஊர் பெரிதாகும்போதுதான் தெரியும். 2023 அக்டோபரில் வந்த 'சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் 2' எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று அதை உருவாக்கிய கொலோசல் ஆர்டரே வெளியீட்டுக்கு முன் ஒப்புக்கொண்டது. பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது வேடிக்கையானது. எறும்பளவில் நடக்கும் குடிமக்களின் வாய்க்குள் பற்கள் வரை முழு நுணுக்கத்தோடு வரையப்பட்டுக்கொண்டிருந்தன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இலவச கோடு வாங்கும் விமர்சகரின் வேலையே அதுதான். இங்கே பல்லே கோளாறாகிப் போனது.

லைவ் சர்வீஸ் கேம், அதாவது வெளியான பின்னும் ஆன்லைனில் தொடர்ந்து நடத்தப்படும் கேம், தொழில்நுட்பம் சரியாக இருந்தும் தோற்கலாம். சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலருக்கு வந்தது. துப்பாக்கி கையில் நன்றாக அமர்ந்திருக்கிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்சம் 697. இலவசமாகக் கிடைக்கும் போட்டிக் கேம்கள் வரிசையாக நிற்கும் சந்தையில் இதற்கு 40 டாலர் ஏன் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. செப்டம்பர் 6 அன்று சர்வர் அணைக்கப்பட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது.

கும்பலாக வரும் எதிர்மறை ரிவியூ

திடீரென்று ஆயிரக்கணக்கில் எதிர்மறை ரிவியூ குவிவதை 'ரிவியூ பாமிங்' என்று ஒரே பெயரில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்குள்ளும் தரம் பிரிக்க வேண்டும்.

'ஹெல்டைவர்ஸ் 2' கேமை பிசியில் ஆடுகிறவர்கள் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று 2024 மே தொடக்கத்தில் சோனி அறிவித்தது. அந்தச் சேவை அதிகாரபூர்வமாக இயங்காத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. இலங்கையும் அப்படிப்பட்ட நாடுதான். அங்கே காசு கொடுத்து வாங்கியவருக்குக் கணக்கு தொடங்க நேர்வழியே இல்லை. ஒரு வார இறுதிக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை ரிவியூக்கள் விழுந்தன; சோனி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கேமின் தரத்தைப் பற்றி அந்த ரிவியூக்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாங்கலாமா என்ற கேள்விக்கு அந்த மூன்று நாளில் அவைதான் சரியான விடை.

2025 செப்டம்பர் 4 அன்று வந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' இன்னும் நுட்பமானது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கோடு அனுப்பவே இல்லை. எல்லோரும் ஒரே நாளில் தொடங்கினார்கள். உலகமெங்கும் புகழ். எளிய சீன எழுத்தில் வந்த ரிவியூக்கள் மட்டும் 'பெரும்பாலும் எதிர்மறை'. காரணம், மொழிபெயர்ப்பு. செயற்கையான பழங்கால நடையில் இருந்ததால் கதையே பிடிபடவில்லை என்றார்கள். திருத்துவதாக நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஸ்டீம் அதற்கு முந்தைய மாதம்தான் மொழிவாரித் தரநிலையைக் கொண்டுவந்திருந்தது. அதனால் சீன வாசகருக்கு அந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது. மற்ற மொழிக்காரரின் எண்ணிக்கையில் கலங்கல் ஏற்படவில்லை.

அதே கேம் மீது வந்த இன்னொரு குறை கடினம் பற்றியது. தொடக்கத்தில் ஐந்து உயிர்ப்புள்ளி. பல எதிரிகள் ஓர் அடியில் இரண்டைப் பறிக்கிறார்கள். ஆக மூன்று அடியில் முடிந்தது கதை. ஐந்து உயிர்ப்புள்ளி என்று காட்டுவது கண்துடைப்பு என்ற அந்த வாதத்தில் கணக்கு இருக்கிறது; வெறும் புலம்பல் என்று தள்ள முடியாது. முதல் பேட்சிலேயே தொடக்க நிலை பாஸ் சண்டைகள் (பெரிய எதிரியோடு நடப்பவை) இரண்டு எளிதாக்கப்பட்டன.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. விமர்சனத்தில் மதிப்பெண்ணுக்கு முன் 'எதில் ஆடினோம்' என்ற வரியைத் தேடுங்கள். உங்கள் கருவி அதில் இல்லையென்றால், கதை, வடிவமைப்பு பற்றிய கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. ஸ்டீமில் மொத்தத் தரநிலையையும் அண்மைத் தரநிலையையும் ஒப்பிடுங்கள். மொத்தம் மோசம், அண்மை நன்று என்றால் பேட்ச் வேலை செய்திருக்கிறது. தலைகீழாக இருந்தால் ஏதோ ஒரு அப்டேட் கெடுத்திருக்கிறது. வரைபடத்தில் சரிவு தொடங்கிய தேதியைச் சொடுக்கி அந்த வார ரிவியூக்களைப் படியுங்கள்.
3. ரிவியூ எழுதியவரின் ஆட்ட நேரம் பக்கத்திலேயே இருக்கும். 0.3 மணி நேரத்து எதிர்மறை ரிவியூ பெரும்பாலும் கேம் திறக்காததைச் சொல்கிறது. 200 மணி நேரத்து எதிர்மறை ரிவியூ இறுதிக்கட்டத்தில் செய்ய எதுவுமில்லை என்பதைச் சொல்கிறது. 20 மணி நேரம் ஆடிவிட்டு ஒதுங்கப் போகிறவருக்கு இரண்டாவது பொருந்தாது.
4. பரிந்துரைப் பட்டியலில் ஃபிரேம் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஃபிரேம் ஜெனரேஷன் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைப் பாதியாக்கிப் படியுங்கள்.
5. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆட்டம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பும். ஷேடர் தொகுக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசி பதிப்பு வந்தபோது, தொகுப்பு முடிவதற்குள்ளேயே பலருக்கு அந்தக் கெடுவில் பெரும்பகுதி கரைந்தது. தொகுப்பு முடிந்ததும் அறிமுகக் காட்சியில் நேரம் கழிக்காமல், கூட்டமும் சண்டையும் உள்ள முதல் இடத்துக்குப் போய்ச் சோதியுங்கள்.
6. பிளேஸ்டேஷன் கடையில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. 14 நாள் விதி அங்கும் உண்டு. ஆனால் டவுன்லோடு தொடங்கிய கணத்திலேயே, கேம் குறைபாடுள்ளதாக இருந்தாலொழிய, பணம் திரும்பாது. 'சைபர்பங்க்' வாங்கியவர்களுக்குச் சோனி பணம் கொடுத்தது விதிவிலக்கு. தானியங்கி டவுன்லோடை அணைத்து வைத்துவிட்டு, உங்கள் பெட்டிக்கான தொழில்நுட்ப விமர்சனம் வரும்வரை காத்திருப்பதே அங்கே இருக்கும் ஒரே பாதுகாப்பு.